முதுகில் நெட்டி எடுத்தல்: மீண்டும் மீண்டும் செல்வது ஏன்?

"டாக்டர், மாதம் ஒருமுறை முதுகெலும்பைச் சரிசெய்துகொள்ளப் போய்வருகிறேன். போய்வந்த இரண்டு நாளும் உடம்பு இறகுபோல் இருக்கிறது. தொடரலாமா?"

முதுகுவலிப் புறநோயாளர் பிரிவில் இக்கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. பத்தாண்டுகளுக்கு முன்னர் 'கைரோபிராக்டிக்' என்னும் சொல்லை நோயாளிகள் வாயிலாகக் கேட்டதாக நினைவில்லை. இன்றோ கைப்பேசியைத் திறந்தால், ஒருவர் படுத்திருக்க மற்றொருவர் அவர் இடுப்பைத் திருகி 'மடக்' என்று ஒலி எழுப்பும் காணொளிகள் வரிசைகட்டி நிற்கின்றன. பெருநகரங்களில் இதற்கெனத் தனி நிலையங்களும் தோன்றிவிட்டன.

கேட்பவர் பெரும்பாலும் தயக்கத்துடனேயே கேட்கிறார். மருத்துவர் கடிந்துகொள்வாரோ என்னும் அச்சம் அவர் முகத்தில் தெரிகிறது. கடிந்துகொள்ள இதில் ஒன்றுமில்லை. வலியுள்ளவர் ஆறுதல் தேடுவது இயல்பு. ஆனால் எதற்காகச் செல்கிறோம், அங்கு என்ன நிகழ்கிறது, எவரெவர் செல்லலாகாது என்பனவற்றை அறிந்து செல்வதற்கும் அறியாமற் செல்வதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. சிலரது வாழ்வில் அவ்வேறுபாடு கால்களின் வலிமையையே தீர்மானித்திருக்கிறது. ஆதலின் இக்கட்டுரையைச் சற்று விரிவாகவே எழுத நேர்ந்தது.

பழையதும் புதியதும்

கையால் அழுத்தி, நீவி, இழுத்து வலியைப் போக்கும் முயற்சி நமக்குப் புதியதன்று. சுளுக்கு வழிப்பவர் இல்லாத ஊர் நம் நாட்டில் அரிது. குமரி மாவட்டத்தின் வர்ம ஆசான்களும், எலும்பு முறிவுக்குப் புத்தூர்க் கட்டுக் கட்டுவோரும் தலைமுறைகளாக மக்கள் நம்பிக்கையைப் பெற்றவர்கள். முடிதிருத்தும் நிலையத்தில் வேலை முடிந்ததும் தலையைப் பற்றி இடமும் வலமுமாக ஒரு வெட்டு வெட்டி நெட்டி எடுப்பதை, கேளாமலே கிடைக்கும் உபசாரமாகக் கருதுவோரும் உண்டு. இந்தக் கடைசிப் பழக்கத்தைப் பற்றிப் பின்னர்க் கூற வேண்டியது உள்ளது.

கைரோபிராக்டிக் இவற்றிலிருந்து பிறந்ததன்று. அது அமெரிக்காவில் தோன்றியது. அயோவா மாநிலத்தின் டாவன்போர்ட் நகரில் காந்த சிகிச்சை செய்துவந்த டேனியல் டேவிட் பால்மர் என்பவர், 1895-ஆம் ஆண்டு செப்டம்பரில், தாம் இருந்த கட்டடத்தின் துப்புரவுப் பணியாளர் ஹார்வி லில்லார்டின் முதுகில் புடைத்திருந்த ஓர் எலும்பை அழுத்தி அமர்த்தியதாகவும், பல்லாண்டுகளாகக் கேட்காதிருந்த அவருடைய செவி அதனால் கேட்கத் தொடங்கியதாகவும் கூறினார். 'கை', 'செயல்' எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து இம்முறைக்குப் பெயர் சூட்டப்பட்டது. முதுகெலும்புகள் சிறிது இடம் பெயர்வதால் நரம்புகளின் ஓட்டம் தடைப்படுகிறது, பெரும்பாலான நோய்களுக்கு அதுவே மூலம் என்பது பால்மரின் கொள்கை. அந்த இடப்பெயர்ச்சியை அவர் 'சப்லக்சேஷன்' என்றார்.

செவியிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே செல்கிறது, முதுகின் வழியே செல்வதில்லை. எனவே லில்லார்டின் கதையை உடற்கூற்றியலோடு பொருத்துவது கடினம். கொள்கையின் நிலையும் அதுவே. இத்துறையினரை முறைப்படுத்த ஐக்கிய இராச்சியத்தில் சட்டப்படி அமைந்த பொதுக் கைரோபிராக்டிக் மன்றமே, நோய்களுக்குச் சப்லக்சேஷன் காரணம் என்பதற்கு மருத்துவ ஆய்வுச் சான்று இல்லை என 2010-இல் அறிவித்துவிட்டது. அத்துறையில் இன்று இரு சாரார் உள்ளனர். ஒரு சாரார் முதுகுவலி, கழுத்துவலி ஆகியவற்றுக்கு மட்டும் சிகிச்சை செய்து, உடற்பயிற்சியும் கற்பித்து அனுப்புகின்றனர். மற்றொரு சாரார் பால்மரின் பழங்கொள்கையை விடவில்லை. நீங்கள் செல்லுமிடம் எச்சாரைச் சேர்ந்தது என்பது முக்கியமான வினா.

ஏன் மீண்டும் செல்கிறார்கள்?

முதற்காரணம் வலியின் இயல்பிலேயே இருக்கிறது. உலகில் 2020-ஆம் ஆண்டில் 61.9 கோடி மக்கள் கீழ்முதுகு வலியுடன் வாழ்ந்தனர் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் தரும் கணக்கு. 2050-இல் இது 84.3 கோடியாக உயரக்கூடும் என மதிப்பிடப்பட்டுள்ளது. இவ்வலியில் பெரும்பகுதிக்கு எலும்பிலோ நரம்பிலோ சுட்டிக்காட்டத்தக்க தனியொரு பழுது கிடையாது. புதிதாக வந்த வலி பெரும்பாலோர்க்கு ஆறு வாரங்களுக்குள் வெகுவாகத் தணிந்துவிடும். ஆனால் போனது போனதாக இராது. ஓராண்டுக்குள்ளாகவே பலரிடம் அது திரும்பி வரும். திரும்பி வரும் நோய்க்குத் திரும்பத் திரும்பச் செல்லும் சிகிச்சையே பொருத்தமெனத் தோன்றுவதில் வியப்பில்லை.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். முதுகுவலி அலைபோல ஏறி இறங்குவது. அலை உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் எவரையேனும் நாடிச் செல்கிறோம், இறங்கியிருக்கும்போது செல்வதில்லை. உச்சத்துக்குப் பின் இறக்கம் தானாகவே வரும். அவ்விறக்கத்தின் பெருமையை, இடையில் நாம் எதைச் செய்தோமோ அது பெற்றுக்கொள்கிறது. மாத்திரை, தைலம், நெட்டி ஆகிய அனைத்துக்கும் இது பொருந்தும். ஆங்கில மருத்துவராகிய நாங்களும் இப்படி ஈட்டாத பெருமையைப் பல முறை வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயினும் கிடைக்கும் ஆறுதல் முழுதும் தோற்றமே என்று தள்ளிவிடலாகாது. விரைந்த சிறு உந்துதலால் மூட்டு அசைக்கப்படும்போது, அதைச் சூழ்ந்த தசைகளின் இறுக்கம் சிறிது நேரம் தளர்கிறது, குனியவும் திரும்பவும் எளிதாகிறது, வலியுணர்வும் சற்று மங்குகிறது. 'இறகுபோல் இருக்கிறது' என்று அந்நோயாளி கூறியது உண்மையான உணர்வுதான். அது இரண்டு நாளில் மறைந்ததும் உண்மைதான்.

இரண்டாவது காரணம் எங்களுக்குச் சற்றுக் கூச்சம் தருவது. நெரிசல் மிகுந்த புறநோயாளர் பிரிவில் ஒரு நோயாளிக்கு நாங்கள் அளிக்க முடிகிற நேரம் சில நிமிடங்களே. பல நேரங்களில் முதுகைத் தொட்டுப் பார்ப்பதற்குள் படத்தைப் பார்த்துவிடுகிறோம். கையால் சிகிச்சை செய்பவரோ அரைமணி நேரம் பேசுகிறார், வலிக்கும் இடத்தைத் தேடித் தொடுகிறார், "இங்கேதானே?" என்று கேட்கிறார். தன் வலியை ஒருவர் நம்பினார் என்னும் நிறைவோடு நோயாளி வெளியே வருகிறார். மூன்றாண்டுகளாக வலியோடு வாழ்பவர்க்கு இது சிறிய பொருளன்று.

மாத்திரைகளின்மீதும் அறுவை சிகிச்சையின்மீதும் உள்ள அச்சம் மூன்றாவது. வலிமாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்வது இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் தீங்கு என்பதை மக்கள் அறிந்திருக்கின்றனர். அவ்வச்சம் நியாயமானது. இவற்றோடு, பணிக்குச் செல்லாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்னும் நிலையில் உள்ள ஓட்டுநர், கொத்தனார், தையற்காரர் ஆகியோர்க்கு, உடனே எழுந்து நடக்கவைக்கும் எதுவும் நல்லதாகவே தோன்றும்.

நான்காவது காரணத்தைத்தான் நாங்கள் ஏற்பதற்கில்லை. "உங்கள் எலும்பு விலகியிருக்கிறது, மாதந்தோறும் சரிசெய்யாவிட்டால் மீண்டும் விலகும்" என்று கூறி அச்சத்தை விதைப்பது அது.

எலும்பு விலகுமா?

நம் முதுகெலும்புத் தொடரில் அசையக்கூடிய முள்ளெலும்புகள் 24. கழுத்தில் 7, மார்பின் பின்புறம் 12, இடுப்பில் 5. இவற்றைத் தடித்த நார்களும், எலும்புகளுக்கிடையே உள்ள தட்டுகளும், அடுக்கடுக்கான தசைகளும் இறுகப் பிணைத்திருக்கின்றன. தும்மினாலோ பக்கெட்டைத் தூக்கினாலோ எலும்பு இடம் மாறிவிடுவதில்லை. உண்மையாகவே எலும்பு விலகும் நிலைகள் உண்டு. விபத்தில் நேர்வதும், ஓர் எலும்பு மற்றொன்றின்மேல் முன்னோக்கி நழுவுவதும் அவ்வகையின. அந்நிலைகளில் நெட்டி எடுப்பது சிகிச்சையாகாது, ஆபத்தாகவும் முடியலாம். ஸ்வீடனில் 1998-இல் வெளியான சிறிய ஆய்வொன்று, இடுப்பு மூட்டொன்றைச் 'சரிசெய்வதற்கு' முன்னும் பின்னும் எலும்பின் இருப்பிடத்தை மிகத் துல்லியமான ஊடுகதிர் முறையால் அளந்தது. நோயாளியின் உணர்வும் சிகிச்சையாளரின் கையும் மாற்றத்தை உணர்ந்தன. எலும்போ முன்பிருந்த இடத்திலேயே இருந்தது.

படத்தைக் காட்டி அச்சுறுத்துவோர் மருத்துவமனைகளிலும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. "டிஸ்க் பிதுங்கியிருக்கிறது", "எலும்பு தேய்ந்துவிட்டது" என்னும் சொற்களைக் கேட்டபின் தன் முதுகைக் கண்ணாடிப் பாத்திரம்போல் காக்கத் தொடங்கியவர் பலர். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியிட்ட முடிவு இது: 20 வயதினரில் 37 விழுக்காட்டினர்க்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினர்க்கும் தட்டுத் தேய்மானம் காணப்பட்டது. தட்டுப் பிதுக்கம் 20 வயதிலேயே 30 விழுக்காட்டினரிடம் இருந்தது. தலைமுடி நரைப்பதைப்போல் பெரும்பாலும் இவை அகவையின் அடையாளங்கள். உங்கள் படத்தில் இவை காணப்படுவதனாலேயே இவைதாம் உங்கள் வலிக்குக் காரணம் என்று கொள்ள இயலாது.

அந்த ஒலி எதன் ஒலி?

எலும்பு தன் இடத்தில் சென்று அமரும் ஒலி என்றே பலரும் எண்ணுகின்றனர். நம் மூட்டுகளுக்குள் வழவழப்பான நீர்மம் ஒன்று சிறிதளவு உள்ளது. மூட்டை விரைந்து இழுக்கும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, நீர்மத்தில் கரைந்திருந்த வாயு ஒரு குமிழாகத் திரள்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் 2015-இல் விரல் மூட்டுகளை இழுத்து எம்.ஆர்.ஐ. கருவியால் தொடர்ந்து படம் பிடித்தபோது, குமிழ் உருவாகும் அக்கணத்தில்தான் ஒலி எழுவதாகக் கண்டனர். ஒருமுறை நெட்டி எடுத்த மூட்டில் சுமார் 20 நிமிடங்களுக்கு மீண்டும் ஒலி வராததற்கும் இந்த வாயுவே காரணம்.

ஆகவே பெரிய ஒலி பெரிய நன்மையைக் குறிப்பதில்லை. ஒலி எழுந்த நோயாளிகளையும் எழாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் வலிக்குறைவில் வேறுபாடு காணப்படவில்லை. காணொளிகளில் ஒலிவாங்கியை முதுகருகே பிடிப்பது எதற்காக என்பதை வாசகர்களே உய்த்துணரலாம்.

விரல்களில் நெட்டி முறிப்பதால் மூட்டுவாதம் வருமா என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. கலிஃபோர்னிய மருத்துவர் டொனால்ட் அங்கர் 60 ஆண்டுகளுக்கு மேலாக இடக்கை விரல்களில் மட்டும் நாள்தோறும் நெட்டி முறித்து, வலக்கையை அப்படியே விட்டுவைத்தார். முடிவில் இரு கைகளிலும் வாதம் இல்லை. 2009-இல் அவருக்கு வேடிக்கையான ஆய்வுகளுக்கென வழங்கப்படும் இக் நோபல் பரிசு கிட்டியது. ஒரே மனிதரின் கை எனினும், பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் தாய்மார்க்குச் சற்று ஆறுதல் தரும் செய்தி இது.

ஆய்வுகள் என்ன கூறுகின்றன?

கீழ்முதுகு வலியைப் பொறுத்தவரை, கையால் முதுகை அசைக்கும் சிகிச்சைக்கு அடக்கமான ஓரிடம் உண்டு. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புதிய முதுகுவலிக்கு மாத்திரைக்கு முன் முயன்று பார்க்கத்தக்கவற்றுள் வெந்நீர் ஒத்தடம், மசாஜ் ஆகியவற்றோடு இதனையும் சேர்த்துள்ளது. பிரிட்டனின் 2016 வழிகாட்டுதல் ஒரு நிபந்தனை விதிக்கிறது. உடற்பயிற்சியோடு சேர்த்தே இதனைச் செய்யலாம், தனித்துச் செய்யலாகாது என்பது அது. உலக நலவாழ்வு நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கெனத் தன் முதல் வழிகாட்டுதலை வெளியிட்டபோதும் இதற்கு இடமளித்தது. இடுப்புப் பட்டையையும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும் வழக்கமாக அளிக்க வேண்டா என்று அதே ஆவணம் கூறுகிறது. நம் நாட்டில் இவ்விரண்டும் இன்றும் தாராளமாக எழுதித்தரப்படுகின்றன.

'மாதந்தோறும் செல்லலாமா' என்பதற்கு நேரடியாக விடை தேடிய ஆய்வு ஸ்வீடனில் நடைபெற்றது. 2018-இல் வெளியான அவ்வாய்வில், திரும்பத் திரும்ப முதுகுவலி வந்து, கைரோபிராக்டிக் சிகிச்சையால் முன்பே நல்ல பலன் கண்ட 328 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் வலியிருந்தாலும் இல்லாவிட்டாலும் குறித்த இடைவெளிகளில் சென்றனர். மற்றக் குழுவினர் வலி வந்தபோது மட்டும் சென்றனர். ஓராண்டு முடிவில், முறையாகச் சென்றவர்கள் துன்பம் தரும் வலியோடு கழித்த நாள்கள் சுமார் 13 குறைந்திருந்தன. அதற்காக அவர்கள் கூடுதலாகச் சென்றது சராசரியாக இரண்டு தடவைக்கும் குறைவே.

ஆண்டில் 13 நாள் என்பது கூலிக்குச் செல்பவர்க்குப் பயனுள்ளதே. ஆனால் ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் இச்சிகிச்சையால் ஏற்கெனவே பலன் கண்டவர்கள் என்பதை மறக்கலாகாது. நான்கைந்து தடவை சென்றும் மாற்றம் காணாதவர்க்கு இம்முடிவு பொருந்தாது. அவர் தொடர்வது வீண்செலவு. அன்றியும், இது முதுகுவலியைப் பற்றிய முடிவு மட்டுமே. நோயெதிர்ப்பு ஆற்றல் பெருகும், ஆஸ்துமா தீரும், குழந்தையின் வயிற்றுவலி போகும் என்றெல்லாம் கூறப்படுவனவற்றுக்குத் தக்க சான்று இல்லை. கைக்குழந்தையின் முதுகெலும்பை எவரும் சரிசெய்ய வேண்டிய தேவையும் இல்லை.

கழுத்து வேறு, இடுப்பு வேறு

இடுப்பைப் பற்றி இவ்வளவு பொறுமையாகப் பேசிய நாங்கள், கழுத்தைப் பற்றி அவ்வாறு பேச இயலாது. கழுத்தெலும்புகளின் இரு பக்கங்களிலும் உள்ள சிறு துளைகள் வழியாக இரு தமனிகள் மேலேறி, மூளையின் பின்பகுதிக்குக் குருதி கொண்டு செல்கின்றன. மூளைத்தண்டும் சிறுமூளையும் அவற்றை நம்பியுள்ளன. கழுத்தை எதிர்பாராத வேகத்தில் திருகும்போது இத்தமனியின் உட்சுவர் கிழியக்கூடும். கிழிந்த இடத்தில் உறைந்த குருதி மேலே சென்று அடைத்தால் பக்கவாதம் உண்டாகும். அழகு நிலையத்தில் தலை கழுவுவதற்காகக் கழுத்தைப் பின்னால் வளைத்திருந்ததனால் பக்கவாதம் நேர்ந்த பெண்களைப் பற்றி மைக்கேல் வைன்ட்ராப் என்னும் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 1993-ஆம் ஆண்டிலேயே எழுதியுள்ளார்.

இது மிக அரிது என்பதையும் கூற வேண்டும். கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் பெரும் எண்ணிக்கையிலான பதிவுகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு, இளம் வயதில் இவ்வகைப் பக்கவாதம் கண்டவர்களுள் கைரோபிராக்டரிடம் சென்றோரும் குடும்ப மருத்துவரிடம் சென்றோரும் ஒரே தன்மையில் காணப்பட்டதாகக் கூறியது. தமனி முன்பே கிழியத் தொடங்கியதனால் எழுந்த கழுத்துவலிக்காகவே அவர்கள் சிகிச்சை தேடிச் சென்றிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. இவ்விளக்கம் சரியாகவே இருந்தாலும் எங்கள் அறிவுரை மாறாது. கிழியத் தொடங்கிய தமனியுள்ள கழுத்தை வேகமாகத் திருகுவது நல்லதாக இருக்க இயலாது. கழுத்துவலிக்குத் திருகல் இன்றியே மென்மையான அசைவுகளும் பயிற்சிகளும் பயன் தருகின்றன. எனவே கழுத்தில் நெட்டி எடுக்க உடன்பட வேண்டா என்றே இப்பிரிவின் மருத்துவர்கள் அனைவரும் கூறுகிறோம். முடிதிருத்துபவர் தலையில் கை வைத்ததும், "கழுத்து வேண்டாம் அண்ணா" என்று சொல்லிவிடுங்கள். அவர் தவறாக எண்ணமாட்டார்.

கழுத்தைத் திருகியபின் ஒருவர்க்கு இதற்குமுன் அறியாத கழுத்துவலியோ தலைவலியோ, தலைசுற்றலோ, பார்வை இரண்டாகத் தெரிவதோ, நாக்குழறலோ, விழுங்க இயலாமையோ, நடையில் தள்ளாட்டமோ தோன்றினால், சுளுக்கு என்று எண்ணித் தைலம் தடவிக் காத்திருக்க வேண்டா. 108-ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தைத் தொடக்கத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும்.

நான்கு மாதம் தாமதித்த முதுகு

தையல் வேலை செய்யும் 34 வயதுப் பெண் ஒருவரை அவர் அண்ணன் தூக்கிவந்தார். நடு முதுகில் நான்கு மாத வலி. உட்கார்ந்தே வேலை செய்வதனால் வந்த தசைப்பிடிப்பு என்று முதலில் ஒரு மருத்துவர் வலிமாத்திரை எழுதிக்கொடுத்திருந்தார். மாத்திரை நின்றதும் வலி திரும்பவே, வாரந்தோறும் முதுகை அழுத்திச் சரிசெய்யும் ஓரிடத்துக்குச் சென்றிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் சிறிது ஆறுதல் கிடைத்தது. மாலையில் உடம்பு கதகதப்பதையும், ரவிக்கை தளர்ந்துபோனதையும் இரண்டு இடங்களிலும் எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கால்கள் பின்னத் தொடங்கிய மூன்றாம் நாள் எங்களிடம் வந்தார். எம்.ஆர்.ஐ. படத்தில் இரண்டு முள்ளெலும்புகள் அரிக்கப்பட்டிருந்தன, தேங்கிய சீழ் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. முதுகெலும்புக் காசநோய்.

நுரையீரலைத் தாக்குவதுபோலவே காசநோய் முதுகெலும்பையும் தாக்கும் என்பது நம் மக்களுள் பலர் அறியாதது. இருமல் இருக்க வேண்டும் என்பதில்லை. உரிய நேரத்தில் கண்டறிந்தால் பெரும்பாலோர்க்கு மாத்திரைகளே போதும். படுக்கையில் கிடத்தாமல், வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொண்டு குணமாக இயலும் என்பதைக் காட்டிய ஆய்வுகளுள் குறிப்பிடத்தக்கவை சென்னையில் நடைபெற்றவையே. மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அப்பெண்ணுக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. ஓராண்டுக்கு மேல் மருந்து உட்கொண்டார். இப்போது கைத்தடியின்றி நடக்கிறார், ஆயினும் தையல் இயந்திரத்தின் மிதியை முன்போல் மிதிக்க இயலவில்லை என்கிறார்.

ஆகவே முதுகுவலியோடு காய்ச்சல், காரணமற்ற உடல்மெலிவு, படுத்தாலும் குறையாத இரவு வலி, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும், எவரிடமும் முதுகைக் கொடுப்பதற்கு முன் மருத்துவரைக் காண வேண்டும். மலம், சிறுநீர் ஆகியவற்றின் கட்டுப்பாடு குறைதல், ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போதல், கால் தளர்தல் ஆகியவை தோன்றினால் அன்றைய பொழுதுக்குள் வர வேண்டும். அந்நிலையில் மணிக்கணக்கான தாமதமும் நிலையான ஊனத்தில் முடியலாம்.

எலும்பு மெலிவு நோயுள்ள முதியோர், நீண்டகாலம் ஸ்டீராய்டு உட்கொள்வோர், குருதி உறையாமைக்கான மாத்திரை உட்கொள்வோர், முடக்குவாதமோ முதுகெலும்பை இறுக்கும் வாதநோயோ உள்ளவர்கள், முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோர் விசையோடு நெட்டி எடுக்கும் சிகிச்சையைத் தவிர்க்க வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுள் எலும்பு மெலிந்திருப்பதைத் தாமே அறியாதவர் பலர். அவர்கள் விலா எலும்பு முறிந்து வருவது நாங்கள் கண்டிராததன்று.

செல்வதெனில்

அமெரிக்காவிலும் ஐக்கிய இராச்சியத்திலும் கைரோபிராக்டர்கள் பல்லாண்டுகள் பயின்று உரிமம் பெற வேண்டும். இந்தியாவில் இத்துறைக்கென அத்தகைய தனி மன்றம் இல்லை. பெயர்ப்பலகை மாட்டியவர் எங்கு, எத்தனை ஆண்டு பயின்றார் என்பதை நீங்களே கேட்டறிய வேண்டியுள்ளது. கேட்பதற்குத் தயங்காதீர்கள். உங்கள் நோய் வரலாற்றையும் மாத்திரைகளையும் கேளாமல் படுக்கச் சொல்பவர், முதல் நாளிலேயே இருபது, முப்பது அமர்வுகளுக்குச் சேர்த்துப் பணம் கட்டச் சொல்பவர், சர்க்கரை மாத்திரையையோ இரத்த அழுத்த மாத்திரையையோ நிறுத்தச் சொல்பவர் ஆகியோரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். முறையாகப் பயின்ற இயன்முறை மருத்துவர்களும் கையால் செய்யும் இத்தகைய சிகிச்சைகளை அறிந்தவர்களே.

வலி திரும்பாமல் இருப்பதற்கு இதனினும் மலிவான வழி ஒன்று உண்டு. முதுகுவலியிலிருந்து அண்மையில் மீண்ட 701 பேரைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவினர்க்கு இயன்முறை மருத்துவரின் வழிகாட்டுதலோடு படிப்படியாக நடைப்பயிற்சி கற்பிக்கப்பட்டது. வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு அரைமணி நேரம் என்பது இலக்கு. பயிற்சி பெறாதவர்களில் பாதிப்பேர்க்கு 112 நாள்களுக்குள் வலி திரும்பியது. நடந்தவர்களிடம் அது 208 நாளாக நீண்டது. நடப்பதில் ஒலி எதுவும் எழுவதில்லை, அதனால் காணொளியாகப் பரவுவதும் இல்லை.

தொடக்கத்தில் கேள்வி கேட்டவர் 52 வயதுப் பேருந்து நடத்துநர். ஆபத்தான அறிகுறி எதுவும் அவரிடம் இல்லை. எலும்பு விலகவில்லை என்பதைப் படத்தோடு விளக்கியபோது அவர் சிரித்துவிட்டார். "அப்போ நான் பயந்தது வீண்தானா?" கழுத்தில் மட்டும் கை வைக்க விடக்கூடாது என்றும், நாள்தோறும் பணிமனையைச் சுற்றி நடக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினோம். ஆறு மாதங்களுக்குப் பின் வந்தபோது, மாதந்தோறும் செல்வதை விட்டுவிட்டதாகவும், தீபாவளி நெரிசலில் தொடர்ந்து வேலை செய்து முதுகு பிடித்துக்கொண்டபோது ஒருமுறை சென்றுவந்ததாகவும் சற்றுக் குற்றவுணர்வோடு சொன்னார். அதற்குக் குற்றவுணர்வு தேவையில்லை என்றோம். குறிப்பேட்டில் அதையும் எழுதிக்கொண்டு, அடுத்த தேதியைக் குறித்துக் கொடுத்தோம்.